கார்பன் சீக்வெஸ்ட்ரேஷன்: கரிம வைப்பு

காலநிலை மாற்றம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் 'கார்பன் சீக்வெஸ்ட்ரேஷன்' என்ற தொடருக்குப் பல தமிழாக்கங்களைச் சந்தித்திருப்பார்கள். கார்பன் சேகரிப்பு, கார்பன் சேமிப்பு, கரிமப் புதைப்பு, கார்பன் தனிமைப்படுத்தல் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். இவற்றுக்கு நடுவே, கணினி மொழிபெயர்ப்பின் கைங்கரியமாக, 'கார்பன் வரிசைப்படுத்தல்' என்ற தொடரும் உலவுகிறது. சீக்வென்ஸ் என்ற வேறொரு சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதால் நேர்ந்த பிழை அது. கார்பனை யாரும் எங்கும் வரிசையில் நிறுத்துவதில்லை.

காற்றுமண்டலத்தை அடையவிருக்கும் கார்பனையோ, ஏற்கெனவே அங்கே கார்பன் டை ஆக்சைடாகத் தங்கியிருக்கும் கார்பனையோ பிடித்து, அது எளிதில் திரும்பிப் போகாதபடி வேறோர் இடத்தில் நெடுங்காலம் வைத்திருப்பதே இத்தொடரின் பொருள். பிடிப்பது, இடம் மாற்றுவது, வைத்திருப்பது ஆகிய செயல்களில் கடைசிச் செயலில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. புகைபோக்கியில் பிடித்த வாயுவைக் குளிர்பான ஆலைக்கு அனுப்பினால், பாட்டிலைத் திறந்ததும் அது காற்றோடு கலந்துவிடும். அதைப் பிடிப்பு என்று சொல்லலாம். சீக்வெஸ்ட்ரேஷன் என்று சொல்ல முடியாது.

சொல்லின் வேர் லத்தீனில் உள்ளது. ஒரு பொருளுக்கு இருவர் உரிமை கோரி வழக்காடும்போது, தீர்ப்பு வரும்வரை அப்பொருளை இருவருக்கும் பொதுவான மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைத்து வைக்கும் முறை உரோமானியச் சட்டத்தில் இருந்தது. அந்த மூன்றாமவருக்கு 'செக்வெஸ்டர்' என்று பெயர். பொருள் அவர் கையில் இருக்கும், ஆனால் அவருடையது ஆகாது. பத்திரமாக வைத்திருந்து உரிய நேரத்தில் ஒப்படைப்பதே அவர் கடமை. ஆங்கிலத்துக்கு வந்த பின்னர் இச்சொல், ஏறத்தாழ நம் வழக்கிலுள்ள ஜப்தியைப் போல, நீதிமன்றம் ஒருவரது சொத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதைக் குறித்தது. 20ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் இதற்கு வேறொரு வேலை கொடுத்தார்கள்: கடின நீரிலுள்ள கால்சியம் போன்ற உலோக அயனிகளை ஒரு மூலக்கூறு கவ்விக்கொண்டு வினைபுரிய விடாமல் வைத்திருப்பதையும் இச்சொல்லாலேயே குறித்தார்கள். எந்தத் துறையிலும் பொருள் அழிவதில்லை. வேறொருவர் காவலில் நிற்கிறது.

கார்பனோடு இச்சொல் சேர்ந்த கதையில் அரசுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி, மின்நிலையங்களின் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ஆழ்கடலுக்குள் செலுத்தலாம் என்று 1977இல் எழுதியபோது, அப்புறப்படுத்தல் என்னும் பொருள்தரும் சொல்லையே பயன்படுத்தினார். அமெரிக்க எரிசக்தித் துறை 1990களின் பிற்பகுதியில் இதற்கெனத் தனி ஆய்வுத் திட்டம் வகுத்து, 1999இல் ஆய்வுத் திசைகளைத் தொகுத்து விரிவான அறிக்கை வெளியிட்டபோது, சீக்வெஸ்ட்ரேஷன் தலைப்பிலேயே ஏறிவிட்டது. 2003இல் அதே துறையின் நிதியில் பல்கலைக்கழகங்களும் மாநில அமைப்புகளும் தொழில் நிறுவனங்களும் இணைந்த ஏழு வட்டாரக் கூட்டமைப்புகள் உருவானபோது, அவற்றின் பெயரிலும் இச்சொல் இடம்பெற்றது. கழிவை அப்புறப்படுத்துகிறோம் என்பதைவிடப் பொருளைப் பத்திரப்படுத்துகிறோம் என்பது காதுக்கு இதமானது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். பொதுப்பணம் கேட்கப்படும் இடத்தில் சொல்லின் மணத்துக்கும் விலை உண்டு.

அந்த 1999ஆம் ஆண்டு அறிக்கை கடல், காடு, மண், ஆழ்பாறை அனைத்தையும் ஒரே சொல்லின் கீழ் கொண்டுவந்தது. தமிழில் நமக்கு நேரும் குழப்பத்துக்கு இதுவே மூலகாரணம் என்பது என் கருத்து. மண்ணில் நடப்பதும் பாறையில் நடப்பதும் தம்முள் மிகவும் வேறுபட்டவை.

மண்ணை எடுத்துக்கொள்வோம். செடி ஒளிச்சேர்க்கையால் பிடித்த கார்பனில் ஒரு பகுதி வேர்க்கசிவாகவும் உதிர்ந்த இலையாகவும் மடிந்த வேராகவும் மண்ணுக்குள் போகிறது. நுண்ணுயிர்கள் அதை உண்டு பெரும்பகுதியை மூச்சாக வெளியே விட்டுவிடுகின்றன. எஞ்சியதில் ஒரு பங்கு களித்துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டோ, மண்குருணைகளுக்குள் அகப்பட்டுக்கொண்டோ ஆண்டுக்கணக்கிலும் சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கிலும் தங்குகிறது. இதைக் கண்ணால் காண ஓர் எளிய வழி உண்டு. பல ஆண்டுகளாக உழாமல் புல் மூடிக் கிடக்கும் நிலத்திலிருந்து ஒரு கட்டியையும், ஆண்டுதோறும் ஆழ உழும் நிலத்திலிருந்து இன்னொரு கட்டியையும் எடுத்து நன்கு உலர்த்தி, கம்பிவலையில் வைத்துத் தண்ணீர் நிறைந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இறக்கிப் பாருங்கள். முதல் கட்டி பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்கும். இரண்டாவது பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கும். குருணைகளைப் பிணைத்து நிறுத்தும் பசையில் கரிமப் பொருளுக்கு முக்கியப் பங்கு உண்டு. உழுது குருணையை உடைத்தால் பிணைப்பு அறுந்து, உள்ளே மறைந்திருந்தது நுண்ணுயிர்களின் வாய்க்குக் கிடைத்துவிடும். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் இப்படி உயிர்ப்பொருள் வழிவந்து தங்கியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். காற்றுமண்டலத்தில் இருப்பதைவிட இது அதிகம். இந்த இருப்பை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4 என்ற விகிதத்தில் உயர்த்த முயல்வோம் என்று பிரான்ஸ் அரசு 2015இல் ஒரு முன்முயற்சியைத் தொடங்கியது.

பாறையில் நடப்பதோ வேறு. 800 மீட்டருக்குக் கீழே, 31 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அங்குள்ள அழுத்தத்திலும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய நீர்மத்தின் அடர்த்தியை அடைகிறது. அதைக் குழாய்வழி உப்புநீர் நிறைந்த மணற்கல் அடுக்குக்குள் செலுத்துகிறார்கள். நிலத்தடி என்றதும் குகை ஒன்றைக் கற்பனை செய்கிறோம். அப்படி எதுவும் அங்கே இல்லை. ஒரு மணற்கல் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது நொடியில் உள்ளே மறையும். களிப்பாறைத் துண்டின் மேல் விட்டால் சொட்டு அப்படியே நிற்கும். முன்னது கொள்கலம், மேலே படிந்த பின்னது மூடி. நார்வேயின் ஸ்லெய்ப்னர் கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் இவ்வாறு கடலடி மணற்கல்லுக்குள் சென்றது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டிகேட்டர் நகரில், மேற்சொன்ன வட்டாரக் கூட்டமைப்பு ஒன்று 2011 முதல் 2014 வரை, எத்தனால் ஆலையில் நொதித்தலின்போது வெளியான வாயுவில் ஏறத்தாழ 10 லட்சம் டன்னை 2,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் செலுத்திக் கண்காணித்தது.

பசால்ட் எரிமலைப் பாறையில் இன்னொரு படி நிகழ்கிறது. ஐஸ்லாந்தில் 2012இல் நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டாண்டுக்குள் சுண்ணாம்புக் கனிமமாக இறுகிவிட்டதென்று 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இனித் தமிழாக்கங்களைப் பார்ப்போம். 'சேகரிப்பு' பிடிப்பதோடு நின்றுவிடுகிறது. 'சேமிப்பு' பின்னால் எடுத்துச் செலவழிக்கும் எண்ணத்தைக் கொண்டுவருகிறது. எனினும் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2005இல் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும் முறைகள் பற்றி வெளியிட்ட சிறப்பு அறிக்கையின் தலைப்பில் ஸ்டோரேஜ் என்றே இருப்பதால், அச்சொல்லுக்கு நேராக இதை விட்டுவைக்கலாம். 'புதைப்பு' குழிதோண்டி மூடும் சித்திரத்தைத் தருவதால் மண்ணுக்கும் பொருந்தாது, மணற்கல்லின் நுண்துளைகளுக்கும் பொருந்தாது. 'தனிமைப்படுத்தல்' 2020க்குப் பிறகு நோய்த்தொற்றுக்கே உரியதாகிவிட்டது.

நான் முன்வைப்பது 'வைப்பு'. குறளில் 'பொருள் வைப்புழி' என்று, பொருளைச் சேர்த்துவைக்கும் இடத்தைச் சொல்ல வந்த பழஞ்சொல் இது. இன்றைய வங்கிப் படிவங்களிலும் உயிரோடிருக்கிறது. பிறர் காவலில் ஒப்படைத்தல் என்ற லத்தீன் வேரின் பொருளும் இதில் தங்குகிறது. பொதுச்சொல்லாகக் 'கரிம வைப்பு' என்றும், தேவைப்படும் இடத்தில் 'மண்வழிக் கரிம வைப்பு', 'பாறைவழிக் கரிம வைப்பு' என்றும் பிரித்து எழுதலாம். வங்கி மொழியில் சொன்னால் முன்னது நடப்புக் கணக்கு, பின்னது நிலை வைப்பு. பசால்ட்டில் நிகழ்வதற்குக் 'கல்லாக்கம்' என்று தனிச்சொல்லே வழங்கலாம். நிலக்கரி இருப்போடு குழம்பாதா என்றால், அதற்குப் 'படிவு' என்ற சொல் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது.

'கரிமம்' என்ற முன்பாதியிலும் ஒரு சிக்கல் இல்லாமல் இல்லை. கார்பன் தனிமத்துக்கும், ஆர்கானிக் என்பதற்கும் நாம் இதே சொல்லைப் பயன்படுத்துவதால், மண்ணிலுள்ள சுண்ணாம்பு வடிவக் கார்பனைக் 'கனிமக் கரிமம்' என்று எழுத நேர்கிறது. அத்தகைய இடத்தில் கார்பன் என்றே எழுதுவது மேல். அதைவிடக் கவனம் வேண்டிய இடம் அளவு. மண் ஆய்வாளர்கள் கார்பனின் எடையைச் சொல்வார்கள். பாறை ஆய்வாளர்கள் கார்பன் டை ஆக்சைடின் எடையைச் சொல்வார்கள். 12 டன் கார்பன் 44 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதால், மொழிபெயர்ப்பவர் இரண்டையும் 'கரிமம்' என்று எழுதிவிட்டால், வைப்புக் கணக்கு ஒரே வரியில் ஏறக்குறைய நான்கு மடங்கு பிசகிவிடும்.