நாரியில் படியும் பளிங்குகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல் செய்பவர் ஒருவருக்கு நாரிநோ வந்தால், வரம்பு கட்டியதும் நெல்மூட்டை சுமந்ததுமே காரணம் என்று எண்ணெய் தடவி விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அந்த ஊகம் சரியே. ஆயினும் சிலருக்கு, கீழ்முள்ளந்தண்டின் மூட்டுகளிலும் வட்டுகளிலும் படிந்த நுண்ணிய பளிங்குகளே நோவைத் தருகின்றன.

அவற்றுள் ஒன்று யூரேற்று. இறால், நெத்தலி, ஈரல் போன்ற உணவுகளிலும் நம் கலங்களிலும் உள்ள பியூரின் என்ற பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதன் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். குருதியில் அது டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டி நீடித்தால், ஆறும் பாகில் சீனி உறைவதுபோல ஊசி வடிவ யூரேற்றாகப் படியத் தொடங்குகிறது. குளிர்ந்த கால் பெருவிரல் மூட்டுக்கு இது பொருந்தும். உடலின் நடுவே வெதுவெதுப்பாக இருக்கும் முள்ளந்தண்டில் ஏன் படிய வேண்டும்? ஏற்கெனவே தேய்ந்த குருத்தெலும்பின் நார்கள் பளிங்கு பிடிக்க இடந்தருவதாகக் கருதப்படுகிறது.

மற்றையது கல்சியம் பைரோபொஸ்பேற்று. குருத்தெலும்புக் கலங்கள் வெளிவிடும் பைரோபொஸ்பேற்று கல்சியத்துடன் சேர்ந்து உருவாகும் இதற்கும் நண்டுக் கறிக்கும் தொடர்பில்லை. முதுமையே முதன்மைக் காரணி. இளவயதில் கண்டால் கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பியையும் உடலின் இரும்பு, மக்னீசிய அளவுகளையும் சோதிப்பார்கள்.

பளிங்கை விழுங்கும் வெண்குருதிக் கலத்தால் அதைச் செரிக்க முடிவதில்லை. அக்கலம் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீற்றா என்ற புரதத்தை வெளிவிட, அழற்சி மூள்கிறது. காய்ச்சலும் சேர்வதால் வைத்தியருக்கே கிருமித்தொற்று என்ற ஐயம் எழும். படிவு பெருத்து நரம்புக் குழாயை நெருக்கினால் கால் மரத்துப்போகும். சிறுநீர் கழியாமல் நின்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எக்ஸ்ரேயில் கல்சியப் படிவு வெண்கோடாகத் தெரியக்கூடும். யூரேற்று பொதுவாகத் தெரியாது. தாக்கத்தின்போது குருதியின் யூரிக் அமிலம் இயல்பாகவும் இருக்கலாம் என்பதால், அந்த ஓர் அறிக்கையை நம்பி முடிவெடுப்பது தவறு. ஊசியால் எடுத்த மாதிரியை முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே உறுதியான வழி. மக்கார்ட்டி, ஹொலண்டர் என்ற ஆய்வாளர்கள் 1961இல், யூரேற்றால் வரும் கீல்வாதம் (gout) உள்ளவர்களின் மூட்டுநீரில் யூரேற்றை அப்படித்தான் இனங்கண்டார்கள். கருவியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேற்று ஊசி மஞ்சளாகவும், சாய்சதுரமான பைரோபொஸ்பேற்று மெல்லிய நீலமாகவும் ஒளிரும்.

சிகிச்சை பிரிவது இங்கேதான். அலோபியூரினோல் என்ற மருந்தால் யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருந்தால் யூரேற்றுப் படிவு மாதக்கணக்கில் கரையும். பைரோபொஸ்பேற்றைக் கரைக்கும் மருந்து இன்னும் இல்லை, அழற்சியைத் தணிக்கவே முடியும். அதற்குத் தரும் கொல்கிசின் என்ற மருந்தையும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவு குறைத்தே கொடுக்க வேண்டும்.