பழைய ஜீப்பா? டயர் வாங்கும் முன் கிங்பின்னை ஆட்டிப் பாருங்கள்

பட்டறைக்கு வரும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். எஸ்டேட்டில் சும்மா கிடந்த எம்எம் 540-ஐ யாரோ சல்லிசாகப் பேசி முடித்திருப்பார்கள். முதல் செலவு மட் டயர், அடுத்தது இரும்பு பம்பர், அதன் மேல் ஒரு வின்ச், கடைசியாக மேட் பச்சைப் பெயிண்ட். பிரேக் எப்படி என்று கேட்டால், "ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும்ணே" என்பார்கள். அந்த வண்டியில்தான் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருப்பார்கள்.

கையில் காசு குறைவாக இருப்பது பிரச்சினையே இல்லை. லேடர் சேஸி (ஏணி மாதிரியான இரும்புச் சட்டம்), பிளேட் ஸ்பிரிங், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பிரித்துப் பூட்டிவிடலாம். எதற்கு முதலில் செலவழிப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நாலு லட்சம் வைத்திருந்தால் வண்டிக்கு இரண்டரைக்கு மேல் போகாதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய ஜீப்பில் நிஜமாகவே நடக்கும்.

முதலில் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று. சேஸி நம்பரைத் துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றியது நிறைய உண்டு. ஆர்சியில் அது ஏறவில்லை என்றால் எஃப்சி-க்கு (தகுதிச் சான்று) போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பழைய பாகங்களைச் சேர்த்து ஜீப் கட்டுவதற்குப் பேர்போன, பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலியில் கட்டிய ஜீப் என்று யாராவது பெருமையாகக் காட்டினால், வேலைப்பாட்டை ரசியுங்கள். பணத்தைப் பேப்பர் பார்த்த பிறகு கொடுங்கள். வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி-யும் (தடையில்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய வரியும் தனி. 15 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள்.

அடுத்தது சேஸி. அடியில் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஸ்பிரிங்கைச் சேஸியோடு பிடித்திருக்கும் ஹேங்கர் பக்கத்திலும் ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸ் அருகே முடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தால்கூட, வெட்டிப் பட்டை வைத்து முறையாக வெல்டு செய்யாமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

வேகம் 50-ஐத் தொடும்போது ஒரு குழியில் விழுந்ததும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று உதறுவதை ஜீப் ஓட்டியவர்கள் அறிவார்கள். கடைக்காரர் உதறலை அடக்க ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்குக்கான ஷாக் அப்சார்பர்) ஒன்றை விற்றுவிடுவார். உதறல் கொஞ்ச நாள் அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங்பின் பேரிங். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்புகிற அச்சுதான் கிங்பின். அப்புறம் டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் முனை, அதாவது டை ராட் எண்டின் லட்சணம் தெரியும். கிங்பின் பேரிங் மாற்றும்போது ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்து இறுக்கம் வைக்க வேண்டும். 'கை அளவில் போதும்' என்று பூட்டுகிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிரேக்கில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நாலு சக்கரமும் போச்சு. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதியிருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதுகிற பழக்கத்தையும் விடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குத்தான் போகும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல் டேங்க் ஓட்டைக்குக் காலி டேங்கில் அப்படியே வெல்டு வைப்பதும் இதே ரகம். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

சென்னை புதுப்பேட்டையிலோ வேறு பழைய சாமான் கடையிலோ ஆக்ஸில் வாங்குகிறவர்கள் கவனிக்க: ஜீப்புகளில் 4.88, 5.38 என்று வெவ்வேறு கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) விகிதங்கள் புழங்குகின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அமைந்துவிட்டால் 4x4 போட்டதும், முன்னும் பின்னும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஆக்ஸிலாக, அதன் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, சேர்த்து ஒரு சுற்று சுற்றுங்கள். அந்த ஆக்ஸிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினாலே தெரிந்துவிடும்.

மிச்சம் பிடிக்க இடமில்லாமல் இல்லை. காலையில் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளாத இன்ஜினைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். டீசல் இன்ஜின் என்றால், டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பம்பையும் லேபில் கொடுத்துச் சரிபார்த்தால் போதும். சீட், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பெரிய டயரும் அப்படித்தான். அந்தக் கூடுதல் எடை முழுக்க கிங்பின்னிலும் பிரேக்கிலும்தான் விழும்.

வண்டி வெளியே வந்த பிறகு 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். புது பிளேட் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்க வேண்டும்.