ஒரு காலை வெயிலை வைத்துக் கணிப்பை எடைபோடலாமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் டெல்லியில் எனக்கு இந்தப் புகார் வந்துவிடும். ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கப் பக்கம் போனால், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற யாராவது பிடித்துக்கொள்வார்: "பாலம் விமான நிலையத்தில் மூடுபனிக்கு 70 சதவீதம் என்றீர்களே சார், பளிச்சென்று வெயில் அடித்ததே!"

வானிலைக் கணிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு காலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 70 சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்து, அவற்றில் பத்துக்கு ஏழு நாள் பனி வந்ததா என்று பார்க்க வேண்டும். எல்லா நாளும் வந்திருந்தால் அதுவும் கோளாறுதான்.

இந்தச் சதவீதம் 'என்செம்பிள்' என்ற கூட்டுக் கணிப்பிலிருந்து வருகிறது. வானிலையைக் கணக்கிடும் ஒரே கணினி மாடலை, அதற்குக் கொடுக்கும் தொடக்க வானிலை நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பலமுறை ஓட்டுவார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2018 ஜூனில் கொண்டுவந்த, பூமியைச் சுமார் 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் என்செம்பிளில் 21 ஓட்டங்கள். 21 விடைகளையும் வரிசைப்படுத்தினால், உண்மையில் நடந்தது விழ 22 இடங்கள் உண்டு. என்செம்பிள் நேர்மையானது என்றால் எல்லா இடத்துக்கும் சம வாய்ப்பு, இரு ஓரங்களுக்கும் வெளியே விழுவது 22க்கு 2, அதாவது சுமார் 9 சதவீதம். அது 30 சதவீதம் ஆனால், மாடல் தன்னை அளவுக்கு மீறி நம்புகிறது என்று அர்த்தம். நடைமுறையில் இந்தக் கோளாறுதான் அதிகம்.

அப்புறம் பிரையர் ஸ்கோர். அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் 1950இல் கொடுத்த கணக்கு: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (வந்தால் 1, வராவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்துக்குச் சராசரி. குறைந்தால் நல்லது. ஆனால் 100 நாளில் 5 நாள் மட்டும் வரும் அடர்பனிக்கு, தினமும் 'வராது' என்று சொல்லும் சோம்பேறிக்கும் 0.05 கிடைக்கும்! ஸ்கோர் அழகாக இருக்கிறதே என்று மயங்கினால், அந்த 5 நாளும் கைவிடும். அந்த இடத்தின் பல வருடச் சராசரியையே கணிப்பாகச் சொல்வதைவிட நம் கணிப்பு எவ்வளவு மேல் என்று கேளுங்கள்.

ராணுவத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: மோசமான வானிலைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்றால் பயணத்தை நிறுத்துவது? பயணத்தைத் தள்ளிப்போட ஆகும் செலவை, தள்ளிப்போடாமல் மாட்டிக்கொண்டால் வரும் இழப்பால் வகுத்தால் எல்லை கிடைக்கும். இழப்பு 20 மடங்கு என்றால் 5 சதவீதத்திலேயே நிறுத்த வேண்டும். காயம்பட்டவரைத் தூக்கிவரப் போகும் ஹெலிகாப்டருக்குத் தாமதமே பெரிய இழப்பு, அங்கே 40 சதவீதத்திலும் கிளம்பலாம். ஆகவே பொதுவான ஒரு மதிப்பெண் போதாது. அவரவர் எல்லையில் எத்தனை பொய் எச்சரிக்கை, எத்தனை தவறவிட்டது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மலையில்தான் எனக்கு உண்மையான சந்தேகம். 12 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கும் இரண்டு முகடுகளும் அடங்கிவிடும். அங்கே அளவீடுகளும் குறைவு. அதனால் மாடலின் சொந்தப் பகுப்பாய்வையே (கிடைத்த அளவீடுகளோடு தன் கணக்கையும் கலந்து அது போடும் வானிலைப் படம்) உண்மையாக வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் உண்டு. தன் விடைத்தாளைத் தானே திருத்துவது மாதிரிதான். விமானிகளின் குறிப்புகளை வாங்கலாமே என்பீர்கள். சரி, ஆனால் அவை பறந்த நாட்களின் குறிப்புகள். மோசமான நாளில் யாரும் பறப்பதில்லை, அந்த நாள் பட்டியலிலும் வராது. பறக்காத நாட்களிலும் ஹெலிபேடில் ஒருவர் பார்வைத் தூரத்தைப் பதிந்து வைக்காவிட்டால், எந்த ஸ்கோர் வந்தாலும் நான் நம்ப மாட்டேன்.