வெயில்லயும் உறையுற வண்டி: புரொப்பேன் கன்வெர்ட்டர்ல பனி ஏன் பிடிக்குது?

வெயில் மண்டையப் பொளக்குது, பானட்ட தொட்டா கை சுடுது, ஆனா பானட்ட தூக்கிப் பாத்தா உள்ள கன்வெர்ட்டர்ங்கிற, திரவ புரொப்பேன வாயுவா மாத்துற ஒரு அலுமினியப் பொட்டி மேல மட்டும் வெள்ளையா பனி பூத்து நிக்குது, வண்டி பாதி ஏத்தத்துல திணறி ஆஃப் ஆயிடுச்சு. புரொப்பேன்ல ஓடுற ஆஃப்ரோடு வண்டில இது ரொம்ப சகஜம். பத்து நிமிஷம் சும்மா விட்டா பனி உருகிடும், சாவியத் திருப்புனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், அடுத்த ஏத்தத்துல திரும்பவும் அதே கதை. உடனே "கேஸ் சரியில்ல", "ரெகுலேட்டர் போச்சு"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் ரெண்டும் இல்ல, கோளாறு கூலன்ட் லைன்ல, அதாவது இன்ஜினச் சுத்தி ஓடுற தண்ணி வர்ற பாதையில தான் இருக்கும்.

பாறை ஏறுற வண்டிக்காரங்க புரொப்பேனுக்கு ஏன் போறாங்கன்னா, பெட்ரோல் கார்புரேட்டர்ல ஒரு சின்ன தொட்டியும் மிதவையும் இருக்கும், வண்டி ஒரேடியா சாஞ்சா அந்த பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி இன்ஜின் மூச்சு திணறும். புரொப்பேன் இன்ஜினுக்குள்ள போறப்பவே காத்து மாதிரி போயிடுது, அதனால கார்புரேட்டர் சாய்ஞ்சதுங்கிற பிரச்சனையே கெடையாது. ஆனா அது காத்தா மாறுற எடத்துல தான் இந்த பனி வருது.

புரொப்பேன் கொதிக்கிறது மைனஸ் 42 டிகிரி செல்சியஸ்ல. டேங்க்ல அது திரவமா இருக்குறதுக்கு காரணம் அழுத்தம் தான், 20 டிகிரில டேங்க் உள்ள கிட்டத்தட்ட 8 மடங்கு காத்தழுத்தம் இருக்கும். அடுப்பு சிலிண்டர் மேல இருந்து வாயுவா எடுக்கும், வண்டி டேங்க் அப்படி இல்ல, அடியில இருந்து திரவத்தயே எடுத்து அனுப்பும். அது ஃபில்டர், லாக்ஆஃப் வால்வு (இன்ஜின் நின்னா கேஸ அடைக்கிற வால்வு) எல்லாம் தாண்டி கன்வெர்ட்டருக்குள்ள வந்ததும் அழுத்தம் படக்குனு எறங்குது, உடனே கொதிக்க ஆரம்பிக்குது, 1 லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவா ஆகுது.

கொதிக்கிறதுக்கு சூடு வேணும்ல? ஊசி போடுறதுக்கு முன்னாடி கையில ஸ்பிரிட் தடவுனா ஜில்லுனு இருக்கே, அது ஆவியாகுறதுக்கு நம்ம தோல்ல இருந்து சூட்ட எடுத்துக்குது, அதே விஷயம் தான் இங்க பெரிய அளவுல நடக்குது. 1 கிலோ புரொப்பேன் ஆவியாகுறப்ப எடுத்துக்குற சூடு, 0 டிகிரில இருக்குற 1 கிலோ தண்ணியப் பூரா ஐஸ் கட்டி ஆக்கிடப் போதும். இன்ஜின் மணிக்கு 20 லிட்டர் குடிக்குதுன்னு வச்சுக்குவோம், அது ஏறக்குறைய 10 கிலோ, அதுக்கு சுமார் 1 கிலோவாட் சூடு நிக்காம வந்துக்கிட்டே இருக்கணும், தண்ணி காய வைக்கிற ஒரு இம்மர்ஷன் ஹீட்டர நடுவுல நிறுத்தாம போட்டு வச்ச மாதிரி. அந்த சூட்டக் குடுக்குறது இன்ஜின் கூலன்ட். கன்வெர்ட்டர்ல ரெண்டு ரப்பர் ஹோஸ் போறது இதுக்குத் தான்.

சூடு வரத்து கொறைஞ்சா கன்வெர்ட்டர் 0 டிகிரிக்கு கீழ போயிடும், காத்துல இருக்குற ஈரம் அது மேல பனியா ஒட்டும். வெளிய தெரியுற பனி ஒண்ணும் பண்ணாது, உள்ள நடக்குறது தான் ஆபத்து. கேஸ் அளவக் கட்டுப்படுத்துற ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) வெறச்சுப் போய் சரியா மூடாது, ஆவியாகாத திரவம் அப்படியே கேஸயும் காத்தயும் கலக்குற மிக்சருக்குப் போகும், இன்ஜினுக்கு எரிபொருள் அளவுக்கு மீறிப் போய் திணறி நின்னுடும். ஆன்டிஃப்ரீஸ் இல்லாம வெறும் தண்ணி ஊத்தி ஓட்டுற வண்டில இன்னும் மோசம், கன்வெர்ட்டருக்குள்ள ஓடுற தண்ணியே உறைஞ்சு பாதைய அடச்சுடும், வெளிய 40 டிகிரி வெயில் இருந்தாலும் இது நடக்கும்.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறது? மொதல்ல பனி எங்க இருக்குன்னு பாருங்க, ஏன்னா அழுத்தம் எங்க எறங்குதோ அங்க தான் குளிரும். பனி லாக்ஆஃப் வால்வு மேலயோ ஃபில்டர் மேலயோ இருந்தா ஃபில்டர் அடச்சிருக்கு, கன்வெர்ட்டர்ல நடக்க வேண்டியது அங்கயே நடக்குது. டேங்க் வால்வுகிட்ட இருந்தா வால்வு பாதி தான் தொறந்திருக்கு, இல்லன்னா வேகமா தொறந்ததுல உள்ள இருக்குற பாதுகாப்பு வால்வு மூடிக்கிச்சு. அப்படின்னா வால்வ முழுசா மூடி கொஞ்ச நேரம் விட்டுட்டு மெதுவா தொறங்க. டேங்க் உடம்புலயே பனி கட்டுனா, திரவத்துக்குப் பதிலா வாயு போகுதுன்னு அர்த்தம், கழட்டி மாட்டுற சிலிண்டர தப்பான பக்கம் திருப்பி வச்சா இப்படி ஆகும்.

கன்வெர்ட்டர் பூரா வெள்ளையா இருந்தா இன்ஜின நிறுத்திட்டு அந்த ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க, கையுறை போட்டுக்கிட்டு. ஒண்ணு சூடு ஒண்ணு ஜில்லுன்னா தண்ணி உள்ள வருது ஆனா வேகமா ஓடல. ரெண்டுமே ஜில்லுன்னா ஓட்டமே இல்ல, ஹோஸ் மடங்கியிருக்கலாம், ஹீட்டர் குழாய மூடுனதுல இதுவும் சேந்து மூடியிருக்கலாம், இல்ல ஏர் லாக், அதாவது லைன்ல காத்து சிக்கி ஓட்டத்த அடச்சிருக்கலாம்.

ஆஃப்ரோடு வண்டிக்குன்னே ஸ்பெஷலா வர்ற வியாதி இந்த ஏர் லாக் தான். கூலன்ட்ல இருக்குற காத்து எப்பவும் உசரமான எடத்தத் தேடிப் போகும். கன்வெர்ட்டர ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தடுப்புத் தகடு) மேல தூக்கி மாட்டியிருந்தா சமதரையில தெரியாது, செங்குத்தா எறங்குறப்ப மூக்கு கீழ போய் ரேடியேட்டர் தாழ்ந்துடும், கன்வெர்ட்டர் தான் எல்லாத்துக்கும் மேல நிக்கும், காத்து நேரா அங்க போய் உக்காந்துக்கும். எறங்குறப்ப இன்ஜின் ஐடில்ல இருக்கும், புரொப்பேன் கொஞ்சமாத் தான் போகும், அதனால ஒண்ணும் தெரியாது. அடுத்த ஏத்தத்துல மிதிச்ச உடனே உறைஞ்சிடும். தெரிஞ்சவர் ஒருத்தர் இதுக்காக டயாஃப்ரம் செட்ட ரெண்டு தடவ மாத்திட்டாரு, கடைசில இன்ஜின் ஆறுன பிறகு ரேடியேட்டர் மூடியத் தொறந்து பாத்தா ஒரு லிட்டர் கூலன்ட் கம்மி, அவ்வளவு தான் விஷயம்.

கன்வெர்ட்டர ரேடியேட்டரோட மேல்மட்டத்துக்கு நல்லா கீழ எறக்கி மாட்டுங்க, சூடு தண்ணி அடிப்பக்கமா நுழைஞ்சு மேல்பக்கமா வெளிய வரட்டும், அப்ப காத்து தானா வெளிய போயிடும். தண்ணிய தெர்மோஸ்டாட்டுக்கு (கூலன்ட் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டர் பாதைய மூடி வைக்கிற வால்வு) முன்னாடி, இன்ஜின் பக்கத்துல இருந்து எடுக்கணும், அப்பத்தான் தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் ஓட்டம் நிக்காது. இன்ஜின் சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, அப்புறம் கூலன்ட் சூடே ஏறாம இந்தத் தொல்லை வரும். காத்து எடுத்த பிறகும் ரேடியேட்டர்ல குமிழ் குமிழா வந்துக்கிட்டே இருந்து அதுல கேஸ் வாடையும் அடிச்சா கன்வெர்ட்டருக்குள்ள கேஸ்கெட் போயிருக்கு, புரொப்பேன் கூலன்ட்ல கலக்குது, வண்டிய அதுக்கு மேல ஓட்டக்கூடாது.

ரெண்டு ஹோஸும் நல்ல சூடு, ஆனாலும் நடுவுல எரிபொருள் வெட்டுதா? அப்ப டேங்க்ல ஈரம் இருக்கலாம். அழுத்தத்துல தண்ணியும் புரொப்பேனும் சேந்து 0 டிகிரிக்கு சில டிகிரி மேலயே ஐஸ் மாதிரி கட்டியாகும், சின்ன ஓட்டைய அடச்சுடும். அதுக்கு மெத்தனால் சேக்குறது உண்டு, ஆனா அத கேஸ் நிரப்புறவங்க கிட்ட விட்டுடுங்க.

நடுக்காட்டுல உறைஞ்சு நின்னா டேங்க் வால்வ மூடிட்டு வெதுவெதுப்பான தண்ணிய கன்வெர்ட்டர் மேல ஊத்துங்க. நெருப்பு காட்டவே கூடாது. புரொப்பேன் காத்த விட சுமார் ஒன்றரை மடங்கு கனம், கசிஞ்சா மேல போகாது, வண்டிக்கு அடியில இருக்குற இரும்புத் தகட்டு மேலயும் பள்ளத்துலயும் தேங்கி நிக்கும். திரவம் கையில பட்டா தோல் உறைஞ்சு போகும், அதனால இணைப்பக் கழட்டுறப்ப முகத்த தள்ளி வச்சுக்கோங்க.

காலையில மொத ஸ்டார்ட்ல லேசா பனி பூத்து சில நிமிஷத்துல கரைஞ்சா அது சாதாரணம் தான், கன்வெர்ட்டருக்குப் போற ஹோஸ் சூடாகுற வரைக்கும் மிதிக்காம இருங்க. ரிப்பேர் பண்ணி முடிச்சதும் இன்ஜின் சூடேறுன பிறகு கொஞ்ச நேரம் நல்லா ரேஸ் பண்ணிட்டு நிறுத்தி கன்வெர்ட்டரத் தொடுங்க, கை வச்சா சுருக்குனு சுட்டு கைய எடுக்க வைக்கணும்.