பல்புல நடவடிக்கை: சொல்லும் பொருளும்

'மல்ட்டி டொமைன் ஒப்பரேஷன்ஸ்' என்னும் இராணுவத் தொடரைக் கொழும்பில் தமிழாக்குவோர் சிலர் 'பல்முனைப் போர்' என்றும், வேறு சிலர் 'பல்களப் போர்' என்றும் எழுதுகின்றனர். முன்னது பிழை, பின்னது பிழைக்கு இடமளிப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கிழக்கிலும் மேற்கிலும் ஒரே காலத்தில் பொருதியதுதான் பல்முனைப் போர். இத்தொடரோ தரை, கடல், வான், விண்வெளி, இணையவெளி ஆகிய ஐந்தையும் ஒரே நடவடிக்கைக்குள் இணைப்பதைச் சுட்டுகிறது. அது ஒரேயொரு போர்முனையிலும் நிகழலாம்.

உடைமையுரிமையைக் குறிக்கும் 'டொமினியம்' என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'டொமைன்' ஆகி, ஆளப்படும் நிலத்தையும் பின்னர் அறிவுத்துறையையும் குறிக்கலாயிற்று. நேட்டோ அமைப்பு 2016இல் இணையவெளியையும் 2019இல் விண்வெளியையும் இராணுவ நடவடிக்கைக்குரிய 'டொமைன்'களுள் சேர்த்தது. தமிழில் 'களம்' என்றதும் நெற்களமும் போர்க்களமுமாக ஓர் எல்லைக்குட்பட்ட இடமே மனதில் எழும். 'புலம்' அவ்வாறன்று, வயல், திசை, புலனுணர்வு, அறிவு என நிலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாதது வரை விரிந்த சொல் அது. ஆகவே 'பல்புல நடவடிக்கை' என்பதே பொருத்தமென உறுதியாகக் கருதுகிறேன்.

ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை 2018இல் கருத்தாக வெளியிட்ட பல்புல நடவடிக்கையை, 2022 ஒக்டோபரில் தன் போர்க் கோட்பாடாக்கியது. கடினமான பகுதி திட்டமிடலே. பணியைப் பெறுவதில் தொடங்கிக் கட்டளை பிறப்பிப்பதில் முடியும் அப்படையின் ஏழுபடித் திட்டமிடல் முறையில், கிடைக்கும் நேரத்தின் மூன்றிலொரு பங்கைத் தலைமையகம் எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் கீழ்ப்பிரிவுகளுக்கு விடவேண்டும் என்பது நெடுநாள் விதி. பீரங்கிச் சூட்டைச் சில நிமிடங்களில் பெறலாம். எதிரியின் கணினி வலையமைப்புக்குள் நுழைய மாதக்கணக்கில் ஆயத்தம் வேண்டியிருக்கலாம். எனவே விண்வெளி, இணையவெளி வல்லுநர்களைத் திட்டத்தின் பின்னிணைப்பை எழுத மட்டும் அழைப்பது பயன்தராது; முதற்படியிலேயே அவர்கள் அமர்ந்திருக்கவேண்டும்.

2022 பெப்ரவரி 24 அன்று, ரஷ்யத் துருப்புகள் உக்ரேனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணித்தியாலம் முன்னர், வயாசட் நிறுவனத்தின் செய்மதி இணைய மோடம்கள் இணையவழித் தாக்குதலால் செயலிழந்தன. அதனால் ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் அறுந்தது. கொழும்புத் துறைமுகத்தின் பாதுகாப்பைத் திட்டமிடுபவரும் கப்பல்களை மட்டும் எண்ணினால் போதாது. அவற்றுக்கு வழிகாட்டும் செய்மதிச் சமிக்ஞையையும், கொள்கலன்களைக் கணக்கிடும் கணினிகளையும் அதே திட்டத்தில் சேர்க்கவேண்டும்.

இணையத்தள முகவரியில் வரும் 'டொமைன்' வேறு. அதற்குக் கணினித் தமிழில் வழங்கும் 'ஆள்களம்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம்.