மவுசாகலை ஏன் மங்கியது?

சென்ற தவணையில் ஒரு நாள் புவியியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தார். கணினிப் பாடம் நடத்தும் நான் அவருடைய பத்தாம் தர வகுப்புக்குப் போனேன். களனி கங்கையின் மேற்பகுதியைக் காட்டலாம் என்று இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தைப் புரொஜெக்டரில் போட்டேன். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைப் பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்தவர்கள். அவற்றைப் படத்தில் தேடினார்கள். பெயர்கள் சிறிதாக இருந்தன, பெரிதாக்கினேன். 'மவுசாகலை' கட்டை கட்டையாகி, கடைசியில் சாம்பல் நிறத் திட்டாகிப் போனது.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பக்கத்தின் மேலே இருக்கும் தலைப்பும் கூடவே பெரிதாகிறது, ஆனால் மங்கவில்லையே. படத்துக்குள் இருக்கும் எழுத்து மட்டும் ஏன் மங்குகிறது?"

அன்று ஆற்றுப் பாடம் நடக்கவில்லை. அவளுடைய கேள்விக்கான பதிலே இரண்டு பாடவேளைகளை எடுத்துக்கொண்டது. இங்கே எழுதுவது பெரும்பாலும் அதன் விரிவுதான்.

படத்துக்குள் நாம் 'மவுசாகலை' என்று வாசித்தோம். கணினியைப் பொறுத்தவரை அங்கே எழுத்தே இல்லை. வரிசையாக அடுக்கிய நிறக் கட்டங்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். அகலத்தில் 1000, உயரத்தில் 1000 என்றால் 10 இலட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு 3 பைட் வீதம் 30 இலட்சம் பைட். சுருக்கும் உத்திகளால் கோப்பின் அளவு வெகுவாகக் குறையும். ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. பெரிதாக்கும்போது, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி செய்யக்கூடியது அதே கட்டங்களை இழுத்து அகலப்படுத்துவது மட்டுமே. இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்?

தலைப்பின் கதை வேறு. அது எப்படி என்று விளக்கக் கோலத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். தைப்பொங்கலுக்கு முதல் நாள் அக்கா தங்கைக்குத் தொலைபேசியில் கோலம் சொல்வாள்: "ஏழு புள்ளி, நான்கு வரை, இடுக்குப் புள்ளி." அவ்வளவுதான். தங்கை அதை லயத்து வாசலில் சாண் அகலத்திலும் போடலாம், கோயில் முற்றத்தில் பத்தடி அகலத்திலும் போடலாம். இரண்டும் கூர்மையாகவே இருக்கும். அக்கா அனுப்பியது கோலம் போடும் வழி. கோலத்தைப் போட்டது தங்கையின் கை.

இப்படி வழியை மட்டும் சொல்லும் படத்துக்குத்தான் வெக்டர் படம் என்று பெயர். உயர்தரக் கணிதத்தில் நம் பிள்ளைகள் 'காவி' என்று படிக்கிறார்களே, அதே சொல்தான். இணையத்தில் இதற்கென்று உள்ள தரம், அதாவது எல்லோருக்கும் பொதுவான எழுதுமுறை, எஸ்விஜி (SVG). அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண வாசகம். 'எம்' என்றால் பேனாவைத் தூக்கி அந்தப் புள்ளியில் வை. 'எல்' என்றால் அங்கிருந்து அடுத்த புள்ளிக்கு நேர்கோடு இழு. 'சி' என்றால் வளைகோடு. 'இசட்' என்றால் தொடங்கிய இடத்துக்குப் போய் மூடு.

'ட' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறுக்கு நூறு அலகுள்ள ஒரு பெட்டி. எஸ்விஜியில் மேல் இடது மூலையிலிருந்து எண்ண வேண்டும், கீழே போகப்போக எண் ஏறும். பேனாவை 20, 10 என்ற புள்ளியில் வை. 20, 80 வரை இழு. அங்கிருந்து 90, 80 வரை இழு. மூன்று புள்ளிகள், ஆறு எண்கள், 'ட' முடிந்தது. 'ப'வுக்கு இன்னும் ஒரு கோடு போதும். எண்கள் தபால்தலை அளவுக்கும் ஒன்றே, சுவர் அளவுக்கும் ஒன்றே.

"அப்படியானால் 'ழ'?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. வளைவை எப்படி எண்ணால் சொல்வது?

எல்லோரையும் வரைபுத்தாள் எடுக்கச் சொன்னேன். நான்கு புள்ளிகள் குறிக்கச் சொன்னேன். வழக்கமான வரைபுபோலக் கீழிருந்து மேலாக. முதலாவது 0, 0. இரண்டாவது 0, 8. மூன்றாவது 8, 8. நான்காவது 8, 0. வளைவு முதலாவதில் தொடங்கி நான்காவதில் முடியும். நடுவில் உள்ள இரண்டும் காந்தம்போல வளைவைத் தம் பக்கம் இழுக்கும். ஆனால் வளைவு அவற்றைத் தொடாது. இனி அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவைக் குறியுங்கள்: (0, 4), (4, 8), (8, 4). நான்கு மூன்றாகிவிட்டது. அவற்றின் நடுவைக் குறியுங்கள்: (2, 6), (6, 6). மூன்று இரண்டாகிவிட்டது. கடைசியாக அவற்றின் நடு: 4, 6. அதுதான் வளைவின் உச்சி. பாதிக்குப் பதிலாகக் கால் பங்கு, முக்கால் பங்கு என்று பிரித்து இதையே செய்தால் வளைவின் மற்றப் புள்ளிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு போட்டபோது தாளில் ஒரு மலை எழுந்து நின்றது. கூட்டலும் இரண்டால் வகுத்தலும் தெரிந்தால் போதும். வகுப்பில் ஒருவரும் பின்தங்கவில்லை.

இந்த நடுப்புள்ளி முறையை 1959இல் கண்டவர் பிரான்சின் சித்ரோவன் கார் நிறுவனத்தில் வேலை செய்த போல் த காஸ்தெல்ஜோ. நிறுவனம் அதை இரகசியமாக வைத்துக்கொண்டது. போட்டி நிறுவனமான ரெனோவில் இருந்த பியேர் பெசியே தனியே அதே வகை வளைவுக்கு வந்து சேர்ந்து, அதை வெளியிட்டும் விட்டார். அதனால் அவை இன்று பெசியே வளைவுகள். காரின் உடலை வடிக்கப் பிறந்த கணக்கு, இன்று நம் கைபேசியில் 'ழ'வின் சுழிப்பை வரைகிறது. கணினி எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்தும் இப்படிப்பட்ட வளைகோடுகளால் ஆன வெளிக்கோடாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. தலைப்பு மங்காததன் காரணம் அதுவே.

ஒன்றை மறைக்கக் கூடாது. திரையும் கட்டங்களால் ஆனதுதான். வெக்டர் படமும் கடைசியில் கட்டங்களாகத்தான் மாறியாக வேண்டும். உலாவி வளைவைச் சின்னஞ்சிறு நேர்கோடுகளாக நறுக்கி, ஒவ்வொரு திரைக் கட்டத்திலும் அந்த வடிவம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்கிறது. பாதிக் கட்டத்தை மூடினால் பாதி நிறம், கால் கட்டத்தை மூடினால் கால் நிறம். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. சாதாரணப் படத்தைக் கட்டங்களாக்கியது எப்போதோ, எங்கோ, அதைச் செய்தவரின் கணினி. வெக்டர் படத்தைக் கட்டங்களாக்குவது இப்போது, இங்கே, உங்கள் கையில் உள்ள உலாவி. பெரிதாக்கினால் கணக்கை மறுபடியும் போடுகிறது.

ஆகவே தங்கைக்குக் கோலம் போடத் தெரிந்திருக்க வேண்டும். எஸ்விஜியின் வரலாற்றுச் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான்.

1993இல் வந்த மொசைக் உலாவி எழுத்துகளுக்கு நடுவிலேயே படத்தைக் காட்டியது. கட்டங்களால் ஆன படத்தை. 1998இல் இணையத்தில் வெக்டர் படத்துக்கான எழுதுமுறையை முன்மொழிந்து இரண்டு அணிகள் வந்தன. அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் ஒரு பக்கம். மைக்ரோசாஃப்ட், மேக்ரோமீடியா முதலிய நிறுவனங்கள் மறுபக்கம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு புதிதாக ஒரு குழுவை அமைத்தது. அதன் உழைப்பில் 2001 செப்டம்பர் 4ஆம் திகதி எஸ்விஜியின் முதல் பதிப்பு தரமாக வெளியானது. வாக்குறுதி எழுத்தில் வந்துவிட்டது. வரைந்து காட்டத்தான் உலாவிகளுக்குத் தெரியவில்லை.

அந்தக் குறையை நிரப்ப இருந்தவை செருகுநிரல்கள். உலாவி தன் பக்கத்தில் ஒரு செவ்வகத்தை ஒதுக்கி, "இதற்குள் நீ பார்த்துக்கொள்" என்று வேறொரு நிறுவனத்தின் நிரலிடம் கொடுத்துவிடும். அந்தச் செவ்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்று உலாவிக்குத் தெரியாது. தேடினால் உள்ளே உள்ள சொல் கிடைக்காது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் உலாவியால் அடைக்க முடியாது. ஒரே வீட்டுக்குள் தனிக்குடித்தனம்.

அந்தக் காலத்தை நான் கண்டிருக்கிறேன். நகரில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி உட்கார்ந்து ஒரு வரைபடப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் வந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டியும், செருகுநிரல் வேண்டும் என்ற அறிவிப்பும். புதிதாக எதையும் நிறுவக் கூடாது என்று அந்தக் கணினி பூட்டப்பட்டிருந்தது. காசைக் கொடுத்துவிட்டு, படம் பார்க்காமலே அன்று வீடு திரும்பினேன்.

எஸ்விஜிக்குப் பரவலாகப் பயன்பட்ட செருகுநிரல் அடோபியுடையது. 2005இல் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியது. மேக்ரோமீடியாவிடம் ஃபிளாஷ் என்ற போட்டித் தொழில்நுட்பம் இருந்தது. 2009 தொடக்கத்தில் எஸ்விஜி செருகுநிரலுக்கான ஆதரவு நின்றது. ஃபிளாஷையும் குறைத்துச் சொல்ல மாட்டேன்: மெதுவான தொலைபேசி இணைப்பிலும் அசையும் வெக்டர் படங்களை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். ஆனால் அதுவும் செவ்வகத்துக்குள் குடியிருந்த செருகுநிரல். 2007இல் வந்த ஐஃபோன் அதை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12இலிருந்து அந்தச் செருகுநிரல் படங்களைக் காட்டவே மறுத்தது. ஃபிளாஷில் செய்த பாடங்களும் விளையாட்டுகளும் ஏராளமாக அன்றோடு இருண்டன. கோலம் போடும் கை ஒரே நிறுவனத்திடம் இருந்தால் இதுதான் நடக்கும்.

இதற்கிடையே உலாவிகள் தாமே கற்றுக்கொண்டிருந்தன. 2005இல் ஓபராவின் 8ஆம் பதிப்பும், அதே ஆண்டு நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.5உம் செருகுநிரல் இல்லாமலே எஸ்விஜி வரைந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2011இல் தன் 9ஆம் பதிப்பில்தான் சேர்த்தது; தரம் வெளியாகி ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பிறகு. இன்று உங்கள் கைபேசியில் எந்த உலாவி இருந்தாலும் அதற்கு இது தெரியும்.

எஸ்விஜி உலாவிக்கு உள்ளேயே வந்ததால் மாறியது வேகம் மட்டும் அன்று. பக்கத்துக்குள் நேரடியாக எழுதிய எஸ்விஜியின் ஒவ்வொரு கோடும், ஒவ்வொரு பெயரும், பத்தியும் தலைப்பும் இருக்கும் அதே ஆவண மரத்தில் (பக்கத்தின் உறுப்புகளை உலாவி கிளை கிளையாக அடுக்கி வைத்திருக்கும் அமைப்பில்) கிளையாக உட்கார்ந்துவிடுகிறது. இப்போது நாம் உலாவியில் சேர்க்கும் நீட்சிகள் பழைய செருகுநிரல்கள் போன்றவை அல்ல. வலைப்பக்கம் எழுதும் அதே மொழிகளில் எழுதப்பட்டவை, அந்த மரத்தைத் தொட்டு வேலை செய்பவை. அதனால் இருட்டில் வாசிக்க நிறத்தை மாற்றும் நீட்சி ஆற்றின் நிறத்தையும் மாற்றலாம். மொழிபெயர்க்கும் நீட்சி ஊர்ப் பெயரையும் மாற்றலாம். பார்வையற்ற மாணவருக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருள் 'காசல்ரீ நீர்த்தேக்கம்' என்று சொல்லலாம். அதே எஸ்விஜியைத் தனிப் படக் கோப்பாக மட்டும் இணைத்தால் இந்த வசதி கிடைக்காது: கூர்மை இருக்கும், உள்ளே கை நுழையாது.

மலையகத்தில் இருப்பவனுக்கு இதில் மிகவும் பிடித்த ஒன்று உண்டு. எஸ்விஜியில் 'சுவிட்ச்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது. ஒரே இடத்துக்குச் சிங்களத்தில் ஒரு பெயர், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மூன்றையும் அதற்குள் எழுதி, எது எந்த மொழி என்று குறித்துவிடலாம். உலாவி தன்னிடம் அமைத்திருக்கும் மொழியைப் பார்த்து ஒன்றை மட்டும் வரையும். மும்மொழி நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வசதியை யாராவது திட்டமிட்டே செய்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும்.

இதைக் கெடுப்பதற்கு ஒரு பழக்கம் போதும். அச்சகங்களில் கோப்பை அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் வளைகோடாக மாற்றிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த எழுத்துரு. அச்சுக்கு வளைகோடு சரி. இணையத்துக்கு அப்படிச் செய்தால் 'மவுசாகலை' மறுபடியும் எழுத்து என்ற தகுதியை இழந்துவிடும்; கூர்மையான, ஆனால் கணினியால் வாசிக்க முடியாத வடிவமாகிவிடும். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்தை எழுத்தாகவே விட வேண்டும்.

எல்லாப் படமும் வெக்டராக வேண்டியதில்லை. கொழுந்து மலையில் பனி இறங்கும் காட்சியை எந்தப் பெசியே வளைவும் தாங்காது. அதற்குப் புகைப்படமே சரி. கோடு, பெயர், எல்லை, சின்னம் இவற்றுக்குத்தான் வெக்டர். அளவுக்கு மிஞ்சிய புள்ளிகளைக் கொட்டினாலும் ஆகாது. ஒவ்வொன்றையும் கைபேசிதான் கணக்குப் போட வேண்டும்.

இதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் இப்போது வரைபடத்தை எஸ்விஜியாகத் திரும்ப வரைகிறார்கள். கெஹெல்கமு ஓயாவுக்கு ஒரு கோடு, மஸ்கெலியா ஓயாவுக்கு ஒரு கோடு. இரண்டும் சேருமிடத்திலிருந்து களனி. பெயர்கள் மூன்று மொழியில். சென்ற வாரம் அதை மூன்று கைபேசிகளில் திறந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் தமிழ், ஒன்றில் சிங்களம், ஒன்றில் ஆங்கிலம், கோப்பு ஒன்றே. கேள்வி கேட்ட மாணவி விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். 'மவுசாகலை' திரை முழுவதையும் நிரப்பியது, 'ம'வின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருந்தது.

ஆனால் பெரிதாக்கும்போது படம் சற்றுத் தயங்கியது. காசல்ரீயின் கரை காரணம். அந்த நீர்த்தேக்கம் ஒவ்வொரு மலைமடிப்புக்குள்ளும் விரல் விட்டு நுழைகிறது. முதலில் ஒரு மென்பொருளிடம் கொடுத்துத் தானாக வரைய விட்டோம்; அது ஆயிரக்கணக்கில் புள்ளிகளை வைத்துவிட்டது. இப்போது எந்தப் புள்ளியை எடுத்தால் கரையின் வடிவம் மாறாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கையால் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.