‘இடுப்பு வலி’ எந்த இடத்து வலி?

காரைக்குடியில் ஓர் எலும்பு மருத்துவரிடம் என் அப்பத்தாவை அழைத்துச் சென்றபோது, “இடுப்பு வலிக்குது தம்பி” என்று அவர் சொன்னதை வைத்து முதலில் முதுகுத்தண்டுக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயதுக்கேற்ற தேய்மானத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மறுமுறை போனபோது மருத்துவர், “ஆச்சி, கையை வச்சுக் காட்டுங்க” என்றார். அப்பத்தா கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களைத் தொடையிடுக்குப் பக்கமுமாக வைத்து, கண்டாங்கிச் சேலைக்கு மேலாகவே வலது பக்கத்தைக் கவ்விப் பிடித்தார். தொடை மூட்டுக்குள்ளே கோளாறு உள்ளவர்களில் பலரும் இப்படித்தான் கவ்விக் காட்டுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. இடுகுதல் என்றால் ஒடுங்குதல். இடுக்கு, இடுக்கி ஆகியவற்றில் இருப்பதும் அந்தக் கருத்தே. இடுப்பையும் இவற்றோடு சேர்த்து, உடல் ஒடுங்கும் இடம் என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது. ‘இடை’ என்பது நடுவைக் குறிக்கும். ‘அரை’ என்பது உடல் பாதியாகும் இடம், அரைஞாண் கட்டும் இடம். மருங்குல், நுசுப்பு என்னும் பழஞ்சொற்களும் இதே வளையத்தைத்தான் சுட்டுகின்றன. இடையின் மெலிவைப் பாடிய புலவர்கள் அதற்குக் கீழே இருக்கும் மூட்டைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பக்கவாட்டுக்கென்று தனியாக ‘ஒக்கலை’ என்றொரு சொல் உண்டு. பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் தாயின் ஒக்கலை மேலிருந்துதான் நிலவைச் சுட்டுகிறான். செட்டிநாட்டு ஊருணிகளிலிருந்து பெண்கள் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்ததும் அந்த ஒக்கலையின் மேல்தான். இந்த நல்ல சொல்லை நாம் ஏன் கைவிட்டோமோ! இப்போது முதுகின் கீழ்ப்பகுதி, பக்கவாட்டு, தொடை மூட்டு எல்லாமே இடுப்பாகிவிட்டன. போதாக்குறைக்கு, “இடுப்பு வலி வந்துவிட்டது” என்றால் பிரசவ வலி என்றும் பொருள்.

இந்தத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியைச் சுட்டும் ‘சயாட்டிகா’ என்னும் சொல் இடுப்பு மூட்டைக் குறித்த ‘இஸ்கியான்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் கீழ்முதுகில் நரம்பின் வேர் அழுத்தப்படுவதால் உண்டாகிறது.

மூட்டைக் குறிக்க ‘தொடைச்சந்து’ என்று எழுதலாம். ‘இடுப்பு மூட்டு’ என்பதும் பிழையில்லை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவின் குடுமி குழியில் நின்று சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூட்டை எளிதில் விளக்கிவிடலாம். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்குள் சுழல்கிறது. கதவு ஒரே அச்சில் திரும்பும், இது எல்லாப் பக்கமும் திரும்பும் என்பதே வேறுபாடு. இரண்டுக்கும் இடையிலுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்தால் அது மூட்டுத் தேய்மானம். தொடையிடுக்கில் வலிக்கும், காலையில் சற்று நேரம் விறைப்பாக இருக்கும், சம்மணமிட்டு உட்காரவோ காலில் மெட்டி போடக் குனியவோ முடியாது. நடுவயதிலோ அதற்கு முன்போ இதே இடத்தில் வலி தொடங்கினால், எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது மெல்லச் செத்துப்போவதும் காரணமாகலாம். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களிடமும் மிகுதியாக மது அருந்துபவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஒருக்களித்துப் படுத்தால் கீழே அழுந்தும் பக்கம் வலித்தால், அது ‘ஒக்கலை வலி’ என்று நான் சொல்வேன். அங்கே புடைத்திருக்கும் எலும்பு மேட்டில் பொருந்தும் புட்டத் தசைகளின் தசைநாண்கள் நைந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்; நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் மிகுதி. புட்டத்தில் தொடங்கி, முழங்காலையும் கடந்து பாதம் வரை மின்னல்போல் இறங்கினால் அது முதுகுத்தண்டின் வேலை. அதைக் கீழ்முதுகு வலி என்ற கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இருந்தால் வழுக்கும். அங்கே விழுந்த முதியவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கக்கூடும். அவரை நடக்க வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலோடு சேர்ந்து மூட்டு வலிப்பதும் காத்திருக்கக் கூடியதன்று.

அப்பத்தாவுக்கு இருந்தது வலது தொடைச்சந்துத் தேய்மானம். தொடைச்சந்துக்குப் போகும் நரம்புகளில் சில முழங்காலுக்கும் செல்வதால் அங்குள்ள கோளாறு சிலருக்கு முழங்கால் வலியாகத் தெரியும் என்று மருத்துவர் விளக்கியபோது, ஓராண்டாகத் தன் வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததை அப்பத்தா முதன்முறையாகச் சொன்னார்.